ரெபேக்கா அக்காவோடு மறுபடி கதைத்த நாள்

சென்ற வருடம் என் மகளுக்குப் பேசியிருந்த கலியாணம் குழம்பிப் போனது. மண்டபமும் பார்த்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். மகளுக்குச் சிறுவயதில் வலிப்பு வந்ததை யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு வெளியே அது தெரிந்தவர் ஒருவர்தான். ரெபேக்கா அக்கா. எங்கள் சபையில் பதினைந்து வருடமாக என் பக்கத்தில் இருந்து ஜெபித்தவர். அந்த நாட்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான்.

மகள் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். அக்காதான் சொல்லியிருப்பார் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. "ஆண்டவரே, அவவை எல்லாருக்கும் முன்னால வெட்கப்படுத்தும்" என்று கேட்டேன். அதை ஜெபம் என்று சொல்லவே இன்று கூசுகிறது. அதோடு விட்டேனா? தன் கணவரின் குடியைப் பற்றி அக்கா என்னிடம் மட்டும் அழுது சொன்னதைச் சபைப் பெண்களிடம் சொல்லித் திரிந்தேன். பத்து மாதம் இப்படியே போனது. மனதில் துளியும் சமாதானம் இல்லை.

கடைசியில் பாஸ்டரிடம் முறையிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"சிஸ்டர், இதை அவவிட்ட நேர கேட்டனீங்களா?"

"இல்ல பாஸ்டர்."

"முதல்ல தனியப் போய்க் கதைக்கத்தானே இயேசு சொன்னவர். சரிவராட்டி ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்க. சபைக்குக் கொண்டு வாறது அதுக்கும் பிறகுதான்."

அந்தச் சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தார். "என்ர வீட்டுக் கதையை எல்லாருக்கும் சொல்லிப்போட்டு இப்ப ஏன் வந்தனீ?" என்று சாத்திவிட்டார். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். அன்றுதான் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, முதல்ல என்னைத் திருத்தும்."

அடுத்த வாரம் பாஸ்டரின் மனைவியோடு மறுபடி போனேன். அவரைக் கண்டதும் அக்கா உள்ளே வரச் சொன்னார். நான்தான் முதலில் பேசினேன். "அக்கா, நீங்க நம்பிச் சொன்னதை நான் வெளியில சொன்னது பாவம். என்னை மன்னியுங்க."

அவர் தலை குனிந்தபடியே சொன்னார். "ஓம், நானும்தான் சொன்னனான். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குத் தெரியுமெண்டு நினைச்சு, பிள்ளைக்கு இப்ப நல்ல சுகம் எண்டு கதையோட கதையா வாய் விட்டிட்டன். பிறகு உன்ர முகத்தைப் பார்க்கப் பயந்துபோனன்."

மாப்பிள்ளை வீட்டாரிடம் மகளுக்கு வலிப்பு வந்ததை மறைத்தது நான். அதையும் அங்கே ஒத்துக்கொண்டேன். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். மூவருமாக முழங்காலில் நின்றோம்.

பிறகு, யார் யாரிடம் பேசினேனோ அவர்களிடமெல்லாம் போய், "நான் செய்தது பிழை" என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மனப்பாரம் குறைந்தே வெளியே வந்தேன்.

அந்தக் கலியாணம் திரும்பி வரவில்லை. "பரவாயில்ல அம்மா, இனி வாறவரிட்ட நானே சொல்லிப்போடுறன்" என்றாள் மகள். இப்போது வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்தால் ரெபேக்கா அக்காவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவருடைய கணவருக்காகச் சேர்ந்து ஜெபிக்கிறோம். கர்த்தருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

அன்பான விசுவாசிகளே, உங்களுக்கும் யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், மற்றவர்களிடம் சொல்ல முன் அவரிடம் போங்கள். முதல் தரம் சரிவராவிட்டாலும் சோர்ந்து போகாதீர்கள். என்னை நடத்திய ஆண்டவர் உங்களையும் நடத்துவார்.