இந்த முறை அவள் கையில்

வந்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு தரையில் உட்காருகிறாள். பகலெல்லாம் பரிசோதனைக்கூடத்தில் வருகிறவர் போகிறவர் கையிலிருந்து ரத்தம் எடுத்த விரல்கள் இனி வீடியோ கேம் கண்ட்ரோலரைப் பிடிக்கும். "ராணியம்மா போருக்குக் கிளம்பிட்டாங்க, தட்டை நாமளே போட்டுக்கணும்" என்று கணவர் மகளிடம் சொல்வது காதில் விழும். "அப்படியே கழுவியும் வைங்க" என்று பதில் போகும். கண் திரையை விட்டு நகராது.

கடலில் மூழ்கிப்போன ஒரு ராஜ்யத்தைத் தேடி நான்கு பேர் புறப்படுகிற கதை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்து ஆட்டம். இப்போது கம்ப்யூட்டருக்கென்று புதுப்பித்து விட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களுக்கெல்லாம் மூக்கும் முழியும் வந்திருக்கிறது. "இவன் இவ்வளவு அழகன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே நல்ல கவசமா வாங்கிக் குடுத்திருப்பேன்" என்பாள், வாள்வீரனைப் பார்த்து.

கூடவே சொகுசுகளும் வந்திருக்கின்றன. ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். இன்னொன்றை அமுக்கினால் வழியில் ஒரு பூதமும் குறுக்கே வராது.

"வேகத்தைக் கூட்டும்மா. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"ஒரே நாள்ல முடியணும்னா அதை எதுக்குடி ஆரம்பிக்கணும்?"

வேலையிடத்தில் வரிசையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே அவள் முறை வந்துவிட்டால், அவள் யோசித்து முடிக்கும்வரை ராட்சசன் அசையாமல் நிற்பான். "எவ்வளவு மரியாதை தெரிஞ்சவன் பாரு!"

அந்த நாளில் கண்ட்ரோலர் அண்ணன் மடியை விட்டு இறங்காது. அவள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வழி சொல்வாள். இடது பக்கம் போ, அந்தக் கதவில்லை, கிழவனிடம் இன்னொரு தரம் பேசு. எப்போதாவது கை நீட்டினால், "நீ சொல்லு பாப்பா, நான் அடிக்கறேன்" என்று முடித்துவிடுவார். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் இன்றைக்கும், "நான் பத்தாவது படிக்கறப்பவே முடிச்ச கேம்" என்பார். அவள் மறுத்துப் பேசியதில்லை. தன் கையால் முடிக்காமல் எந்த வாயால் மறுப்பது?

அதற்காகத்தான் இந்தப் பாடு. வாள் எதிரி மேல் படுகிற அதே கணத்தில் பொத்தானை அமுக்கவேண்டும். தவறினால் அடி பாதிதான் இறங்கும். வீட்டிலுள்ள பெரிய திரையிலோ படம் ஓர் இமைப்பொழுது பிந்தித்தான் வருகிறது. கண்ணை நம்பி அமுக்கி, ஆரம்பத்தில் உதை வாங்கிக்கொண்டே இருந்தாள். போனில் சொன்னபோது அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதுக்கெல்லாம் கை வேணும் பாப்பா!"

பிறகு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "நரம்பு கண்ணுக்குத் தெரியட்டும்னு காத்திருந்தா நான் ஊசி போட்ட மாதிரிதான். விரலுக்கு முன்னாடியே தெரியும்." இப்போது வாள் இறங்கத் தொடங்கும்போதே அமுக்குகிறாள். முழு அடி. ஒவ்வொரு முழு அடிக்கும், "பாத்தீங்களா?" என்று யாரும் இல்லாத பக்கம் திரும்பிக் கேட்பாள். முகத்தில் அப்படி ஒரு மிடுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசி ராட்சசனோடு மல்லுக்கு நிற்கும்போதுதான் அண்ணன் வந்தார். அவளுடைய ஆட்களில் மூன்று பேர் விழுந்தாயிற்று. மிச்சம் இருப்பது கோலை ஊன்றி நிற்கும் வைத்தியக்காரி ஒருத்திதான். ராட்சசனும் தள்ளாடுகிறான். ஒரே ஒரு முழு அடி போதும். பிசகினால் எல்லாம் முதலிலிருந்து. முறை அவளுடையது.

அண்ணன் சட்டென்று பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "ஐயோ, இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுடப் போறே. குடு, குடு, நான் அடிக்கறேன்." அவர் கை தானாக நீண்டது. சமையலறை வாசலில் கணவர் நின்றுவிட்டார். "மாமா..." என்று ஆரம்பித்த மகள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கண்ட்ரோலரை மடியிலேயே விட்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, விரிந்த உள்ளங்கையில் வைத்தாள்.

"வேர்த்து மங்கலாயிடுச்சு. தொடச்சுக் குடுண்ணா."

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சட்டை நுனியை இழுத்து, வாயால் ஊதி, இரண்டு பக்கமும் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓர் ஓரத்தில் இன்னும் தெளியவில்லை. மறுபடியும் ஊதித் துடைக்கத் தொடங்கினார்.