சித்தி வெட்டிய வளையம்

ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோனேன். புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசம். பார்க்கும் துளையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் ஒட்டியிருந்தது.

"கம்பெனி போட்டதுலா, அக்கா. கிடைக்காத சாமான்," என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. எங்க சித்தி போட்டது."

நாங்கள் இருந்த செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கல்யாணப் படமெல்லாம் சித்திதான் எடுப்பாள். "அசையாம நில்லுங்க" என்று மாப்பிள்ளையையே அதட்டுவாள். கேமரா விளிம்பு அவள் மூக்குக்கண்ணாடியைக் கீறியது. காய்ந்த ஷீட்டில் ஒரு துண்டு அறுத்து ஒட்டினாள். மூக்கு இடித்தது. அதற்கும் ஒரு பள்ளம் வெட்டினாள். தோட்டத்தை நிர்வாகம் விற்றுவிட, நாங்கள் வீடு மாறியபோது கேமரா தொலைந்தது.

கடைக்காரர் நம்பவில்லை. மறுபடி கண்ணில் வைத்தேன். பள்ளத்தில் என் மூக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்துக்குங்கண்ணே, எங்க குடும்பத்து மூக்கு."