ஏழு வெள்ளிக்கிழமைப் பட்டினி

வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை... கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாக, மூடுபனி மாதிரி மெதுவாக என் அறைக்குள் வரும்.

ஸ்காட்லாந்தில் நான் எம்.எஸ்சி. படிக்கப் போன முதல் வருஷம். ஜன்னலுக்கு வெளியே மழை. சாதாரண மழையா? காவேரிக்குக் கொஞ்சம் அனுப்பியிருந்தால் மேட்டூர் அணையையே கழற்றி வைத்திருக்கலாம்.

எங்கள் ஹாஸ்டல் மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். கிச்சன் கதவில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும்: 'ஏழு மணிக்கு டின்னர். எல்லோரும் வரலாம்.'

எல்லோரும் என்றால் யார்? மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பம் நாங்கள். வாசல் ஏறி வந்து, குங்குமம் கொடுத்து, "குடும்பத்தோட அவசியம் வரணும்" என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு. பத்திரிகையைத் தபாலில் அனுப்பிய குற்றத்துக்காகச் சொந்தச் சித்தப்பா மகள் கல்யாணத்தையே பகிஷ்கரித்த பரம்பரை. கதவில் ஒட்டிய பேப்பருக்கா இறங்கிப் போவேன்?

சக்கரவர்த்தி போல அறையிலேயே வீற்றிருந்தேன். பிரெட்டும் ஊறுகாயும். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம், தட்டுச் சத்தம்... சுவரில் வைத்து வைத்துக் கேட்டதில் என் காது தோசை மாதிரி ஆகிவிட்டது.

ஏழாவது வெள்ளிக்கிழமை தாங்கவில்லை. மத்தியானமே ஊருக்கு போன் போட்டேன்.

"அப்பா, படிப்பு வேணாம். நான் வந்துடறேன்."

"ஏன்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இங்க ஒருத்தரும் சாப்பிட வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலப்பா."



"கூப்பிடலையா... அப்ப போகாத. டிக்கெட்ட போட்டுட்டு சொல்லு."

ஏழு மணிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். எதிர் அறை க்வாமே. கானா நாட்டுக்காரன், ஆறரை அடி, கையில் கரண்டி. அவன் பேசிய இங்கிலீஷ் எனக்கென்னவோ எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்டது.

"யோவ், ஏழு வாரமா உனக்கும் ஒரு தட்டு வச்சு வச்சு எடுக்கறோம். எங்க மேல என்னய்யா கோவம்?"

"யாரும் கூப்பிடலையே?"

"அதான் கதவுல ஒட்டியிருக்கே!"

"அது கதவு சொல்றது. நீ சொல்லலையே?"

கரண்டியை நெஞ்சில் வைத்துக் குனிந்தான்.

"அவசியம் சாப்பிட வரணும்."

அந்தக் குனிவுக்கு ஒரு ராஜ்ஜியம் இருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன். போனேன். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டில்... அந்த ஊரில் இன்றைக்கும் அரிசித் தட்டுப்பாடு என்று கேள்வி.

டிக்கெட் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என் சமையல். குங்குமத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் சர்க்கரையோடு பதினோரு கதவையும் தட்டி, ஒவ்வொருவரையும் வாயார அழைத்தேன். கிச்சனில் ஆறு நாற்காலிதான். அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சாமி ஊர்வலம் மாதிரி வரிசையாக வந்தார்கள். எதற்குமே வெளியே வராத கடைசி அறை ஹங்கேரிப் பெண்ணும் வந்தாள்.

"என்னை இதுவரை யாரும் தனியாக் கூப்பிட்டதில்லை" என்றாள்.

இப்போது தஞ்சாவூரில் அபார்ட்மென்ட் வாசம். கல்யாண அழைப்பெல்லாம் வாட்ஸ்அப்பில். 'இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்.' ஏற்றுக்கொள்கிறேன். முதல் பந்தியிலேயே உட்காருகிறேன். "உங்க மானஸ்தப் பரம்பரை எங்க போச்சு?" என்கிறாள் வீட்டுக்காரி.

ஆனாலும் பக்கத்து வீட்டில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கினால்... செய்கிற வேலையை விட்டுவிட்டு, வாசல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆறரை அடி உயரத்தில் ஒரு தட்டல் கேட்குமா என்று.