நூற்றிருபது கொக்கிப் பயம்

வாசற்படியில் நின்று மூன்று தடவை கை தட்டிவிட்டுத்தான் கமலக்கண்ணன் எந்த அறைக்குள்ளும் காலெடுத்து வைப்பார். உள்ளே சிறகடிக்கும் சத்தம் கேட்டால் போதும், தெருக்கோடி வரை ஓட்டம். ஐம்பத்தைந்து வயது, வெற்றிலைக் காவி ஏறிய பல், காதில் செருகிய சிவப்புப் பென்சில். ஆரணிப் பட்டுக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் அவர் நிரப்பித் தந்த மயிலும் கிளியும் அன்னமும் எத்தனையோ சேலைக் கரைகளில் உட்கார்ந்திருக்கின்றன. உயிருள்ள பறவை என்றால் மட்டும் மனிதருக்கு ஈரக்குலை நடுங்கும்.

"எங்க ஊட்டுக்காரரு அன்னத்த வரைவாரு, கோழியப் பாத்தா ஓடுவாரு" என்று அவர் மனைவி ராஜம்மாளே தறிக்காரப் பெண்களைச் சிரிக்க வைப்பாள். அந்தக் கேலி 1994-ல் நின்றுபோனது. குடும்ப வேண்டுதல்படி மூத்த மகளுக்குத் தேவிகாபுரம் கோயில் மண்டபத்தில் கல்யாணம். அங்கே தூணுக்குத் தூண் புறா. தாரை வார்க்க வேண்டிய தகப்பன் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் சிவப்பிரகாசம்தான் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தார். ராஜம்மாள் பந்தியில் உட்காரவே இல்லை.

2002-ல் இளையவள் ஜெயப்ரியாவுக்கு அதே கோயிலில் முகூர்த்தம் குறித்தார்கள். "பெரியப்பா வாணாம்பா. நீதான் தாரை வாக்கணும்" என்றாள் அவள். பயம் போக மூன்று தாயத்து கட்டியும் பலிக்காத மனிதர், முகூர்த்தத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே வேலூருக்கு பஸ் ஏறினார்.

அங்கே டாக்டர் ஜெயச்சந்திரன் மாத்திரை எதுவும் எழுதவில்லை. பயத்தைப் படிப்படியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. வைத்தியமே அவ்வளவுதான் என்றார். "இப்போ உங்க பயம் நூத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூறுல இன்னா சார் டிசைன் வரும்? தறிமேல டிசைனுக்கு நூல் தூக்குற எங்க ஜக்கார்டு பெட்டிக்கு நூத்தியிருபது கொக்கி. அதுல சொல்றேன்."

டாக்டர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முதல் படியாகப் புறாவின் போட்டோ ஒன்றை எடுத்து வைத்தார். கமலக்கண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கழுத்து ரெண்டு கட்டம் நீளம் சார்." பயம் சைபர்.

வினை இறகில் ஆரம்பித்தது. வீட்டில், டிபன் பாக்ஸில் ஒரே ஒரு புறா இறகு. மூடியைத் திறந்ததும் தொண்ணூறு கொக்கி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, "ஜல்தி மூடு ராஜம்மா, பேஜாரா கீது" என்று கெஞ்சுவார். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ராஜம்மாள் மூடமாட்டாள். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது போல மறு கையால் அவர் தோளை அழுத்திப் பிடித்திருப்பாள். நாற்பதாவது நிமிஷம், "நாப்பத்தஞ்சுக்கு எறங்கிச்சி" என்பார். டிசைன் தாளில் அன்றைய கணக்குக்குச் சிவப்புக் கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் சாப்பாடு.

இறகுக்குப் பிறகு தெருமுனையில் கூண்டுப் புறா. பிறகு அதே கூண்டு வாசலில், கூடத்தில், மடிக்கு எதிரில். கடைசியில் கூண்டின் கதவைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம். ஒரு நாள் வாந்தியே எடுத்துவிட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதே பாயில் உட்கார்ந்தார். "பயந்துகினே குந்திகினு இருக்கலாம். எழுந்து ஓடினாதான் தப்பாம்" என்றார். முப்பது வருஷம் குடித்தனம் செய்த மனுஷன் இவர்தானா என்று ராஜம்மாளுக்கு மலைப்பாக இருந்தது. யாரைப் பார்த்தும் அவள் அப்படி வியந்ததில்லை.

முகூர்த்த நாளில் தேவிகாபுரம் மண்டபத்தில் மகளின் கையைத் தன் கைமேல் வாங்கிக்கொண்டு நின்றார் கமலக்கண்ணன். மாப்பிள்ளை எதிரில் நின்றார். ராஜம்மாள் தாரை நீர்ச் செம்பைத் தூக்கிய நேரம் பார்த்துத் தவில்காரர் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். தூண்களின் தலையிலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பின. ஒன்றின் சிறகு அவர் தலைப்பாகையை உரசிக்கொண்டு போனது. வெளியே ஓடப்போகிறார் என்றே ராஜம்மாள் நினைத்தாள்.

"எவ்ளோங்க?" உதட்டை மட்டும் அசைத்தாள் அவள்.

"நூத்திப்பத்து."

அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. செம்பைச் சாய்க்க வேண்டிய ராஜம்மாளின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஜெயப்ரியாவின் கையை விடாமல், இடக் கையை நீட்டிச் செம்பின் அடியைத் தொட்டு, கமலக்கண்ணனே அதை மெதுவாகச் சாய்த்தார்.