துதி வராத ஞாயிற்றுக்கிழமை

ஆண்டவருக்குள் எனக்குச் சொந்தமான உங்கள் எல்லோருக்கும் ஓசூரிலிருந்து ரூத் எழுதுகிறேன். என் கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் தவித்திருக்கிறேன். அன்றைக்குக் கர்த்தர் எனக்குச் செய்ததை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். என் கணவர் ஜான்சனுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். அவரோடு வேலை செய்யும் சிவா என்ற தம்பியின் குழந்தைக்கு அஞ்செட்டிப் பக்கம் காது குத்து. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பைக்கில் போனவர், ஞாயிறு விடியும்போது போன் செய்தார். "கிளம்பிட்டேன் புள்ள. ஆராதனைக்கு வந்துருவேன். எனக்கும் சேர்த்து இடம் போட்டு வை" என்றார்.

ஆராதனை ஆரம்பித்தது. பாட்டு முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய போன் சுவிட்ச் ஆப்.

ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது சிவா போனில் கூப்பிட்டார்.

"அக்கா... அண்ணன் வண்டி காட்டு ரோட்ல கெடக்குது. யானை மிதிச்சு நசுக்கியிருக்குது. அண்ணனைக் காணோம்க்கா."

மார்கழியில் கேழ்வரகு அறுப்புக்கு வரும் நேரத்தில் யானைக் கூட்டம் மாநில எல்லை தாண்டி இந்தப் பக்கம் இறங்கும். அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்ததே தேன்கனிக்கோட்டை தாண்டி அந்தக் காட்டை ஒட்டிய ஊரில்தான். யானை மிதித்த உடம்பை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குக் கற்பனை செய்யத் தேவையே இருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சகோதரிகள் சுற்றி வந்துவிட்டார்கள். எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர் எலிசபெத் அக்கா. அந்த அக்கா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அழாதே ரூத். கண்ணீர் விட்டா அது அவிசுவாசம். சாத்தானுக்கு இடம் கொடுக்காதே. துதி பண்ணு. சத்தமா துதி பண்ணு."

நான் முயற்சி செய்தேன். உண்மையாகவே முயற்சி செய்தேன். "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் உரத்த சத்தமாய்த் துதிக்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சபைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் குழாயடிக்குப் போய் நின்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் விவசாயக் குடும்பத்தில், இந்துவாகப் பிறந்தவள். வீட்டில் என் பெயர் ரத்னா. ஞானஸ்நானம் எடுத்த வாரத்தில் என் அண்ணன் மாதேஷ், "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். கர்த்தருக்காகப் பிறந்த வீட்டை விட்டவள் என்று சபையில் என்னைப் பெருமையாகப் பேசுவார்கள். அம்மா ஞாபகம் வந்து அழுதால், இது மாம்சத்தின் பாசம், இதைச் சாகடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தேவனிடம் நெருங்க நெருங்க மனிதருடைய நினைப்பு குறைய வேண்டும் என்றுதான் நானும் நம்பினேன்.

குழாயடியில் எனக்குள் இருந்ததெல்லாம் உடைந்தது. இப்படித்தான் ஜெபித்தேன்: "ஏசப்பா, எனக்குத் துதி வரலை. பயமா இருக்கு. உம்மேல கோவமா இருக்கு. உம்மைத் தேடி வந்துட்டு இருந்த மனுஷனை ஏன் காப்பாத்தலை? அவர் எனக்கு வேணும். எங்க அண்ணன் வேணும். எங்கம்மா வேணும். என்னால தனியா முடியாது."

அவ்வளவுதான் ஜெபம். ஆமென் கூடச் சொல்லவில்லை. வாய்விட்டு அழுதேன். அழ அழ, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து கிடந்த ஆண்டவர் நினைவுக்கு வந்தார். அவருக்கும் அன்றைக்குப் பயமும் துக்கமும் இருந்தது. கூட விழித்திருங்கள் என்று சிநேகிதரிடம் கேட்டாரே, அவருக்கே மனிதர் வேண்டியிருந்ததே! அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் கை தானாகப் போனை எடுத்தது. அண்ணன் நம்பரை நான் அழிக்கவே இல்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டார். நான் "அண்ணா" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அண்ணன் சொன்னார். "அழுவு ரத்னா. அழுது முடிச்சிட்டுச் சொல்லு. நான் போனை வெக்க மாட்டேன்."

சொன்னேன். எந்த இடம் என்று மட்டும் கேட்டார். "எங்க கேவுரு கொல்லைக்கு அந்தாண்ட இருக்கிற வளைவுதான். நான் போறேன். நீ வந்து சேரு" என்றார்.

சபையில் ஒரு சகோதரர் காரில் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். ரோட்டை மறித்து வைத்திருந்தார்கள். பைக் கிடந்தது. பெட்ரோல் டேங்க் அப்பளம் போல் தட்டையாகியிருந்தது. ஹெல்மெட் தனியாக ஒரு புதர் ஓரம். ரத்தம் இருக்கிறதா என்று என் கண் தரையெல்லாம் தேடியது. இல்லை.

காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் ஒருவர் குறுக்கே வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். "ஹோகபேடிம்மா, உள்ள போகாதீங்க. குட்டியோட இருக்குது. குட்டி கூட இருந்தா தாய் ரொம்ப மோசம்."

அண்ணன் எங்கள் ஊர் ஆட்கள் நாலைந்து பேரோடு ரோட்டின் மறுபக்கம் தேடிவிட்டு வந்து ஓரத்தில் நின்றிருந்தார். தலைமுடி நரைத்துப் போயிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பிடிப்பது போல, மணிக்கட்டில்.

பிறகு காட்டுப் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினார். "மாப்ளேய்! ஜான்சன் மாப்ளேய்!"

என் கணவரை அவர் அப்படி அழைத்து நான் கேட்டதே இல்லை.

பதில் இல்லை. மறுபடியும் கத்தினார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்போது ரொம்ப மெல்லிசாக, மண்ணுக்குள்ளிருந்து வருவது போல ஒரு சத்தம். ஊர் ஆள் ஒருவர், "யானைப் பள்ளம்! பள்ளத்துல இருக்குறாரு!" என்றார். யானை வயலுக்குள் வராமல் இருக்கக் காட்டோரம் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். யானைக்குப் பயந்து ஓடியதில் அதில் விழுந்திருக்கிறார்.

உயிரோடு இருக்கிறார்! நான் ஓடப் போனேன். அண்ணன் மணிக்கட்டை விடவில்லை. "கம்முனு நில்லு. அந்தாண்ட பாரு."

பார்த்தேன். பள்ளத்தின் விளிம்பில், மூங்கில் மறைவில், சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு. பக்கத்தில் குட்டி. பட்டாசு வைத்தால் மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. பள்ளத்துக்குள் சரிந்தால் அவர் கதி அவ்வளவுதான். காத்திருக்கத்தான் வேண்டும் என்றார் காவலர்.

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்ல! தாய் யானை காலால் மண்ணைச் சீய்க்கும். மண் பள்ளத்துக்குள் விழும் சத்தம் கேட்கும். நான் "ஏசப்பா, ஏசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தன் சாமியை அழைத்து, "மாதேஸ்வரா, என் தங்கச்சிக்காக" என்று முணுமுணுத்தார். அவர் கை இன்னும் என் மணிக்கட்டில்தான் இருந்தது. நான் யாரிடம் மன்றாடுகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கையை நான் விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று காற்று திசை மாறியது. எங்கள் வாடை அதற்குப் போயிருக்க வேண்டும். தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்தது. எங்களைப் பார்த்து ஒரு எட்டு வைத்தது. காவலர் "ஓடாதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்போது குட்டி பின்னால் திரும்பிக் காட்டுக்குள் ஓடியது. தாய் நின்றது. ஒரு தடவை பிளிறியது. பிறகு குட்டிக்குப் பின்னாலேயே போய்விட்டது.

முதலில் பள்ளத்தில் குதித்தது என் அண்ணன்தான். என் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. இடுப்பு வரை மண் மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தை போல அழுதார்.

"ஒரு ஜெபமும் வரல புள்ள. படிச்ச வசனம் ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. ‘ஏசப்பா’ன்னு மட்டுந்தான் வந்துச்சு. செத்துருவேன்னு பயந்துட்டேன்."

"எனக்கும் அதான் வந்துச்சு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். அண்ணன் கட்டிலடியிலேயே படுத்துக் கிடந்தார். மறுநாள் அம்மா வந்தார். என்னைத் திட்டிக்கொண்டே என் தலையைச் சீவிவிட்டார். அந்த நேரத்தில்தான் எலிசபெத் அக்கா கஞ்சி கொண்டு வந்தார். அம்மா மடியில் நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துக் கதவோரமே நின்றுவிட்டார். மெதுவாக வந்து உட்கார்ந்து சொன்னார்.

"என் மூத்த பிள்ளை போனப்போ என்னையும் அழக் கூடாதுன்னாங்க ரூத். நான் பாட்டுப் பாடிக்கிட்டே அடக்கம் பண்ணுனேன். இன்னிக்கு வரைக்கும் அழலை."

எங்கம்மாவுக்கு அந்த அக்காவை யாரென்று தெரியாது. எழுந்து போய்த் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அக்கா அழுதார். அத்தனை வருடத்து அழுகை. அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது எங்கள் ஜெபக்குழுவில் அழ வருகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. முதலில் துணைக்கு அழுகிறவர் எலிசபெத் அக்காதான். என் கணவர் சற்று சாய்ந்துதான் நடக்கிறார், வேலைக்குப் போகிறார். என் அண்ணன் சபைக்கு வருவதில்லை, நான் அவருக்காக ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை. சண்டை போடுகிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம். முன்பை விட இப்போதுதான் ஆண்டவர் எனக்குக் கிட்டே இருக்கிறார். அவருக்கு எல்லா நன்றியும் உண்டாவதாக.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இன்று துதி வராமல் இருக்கலாம். பயமாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், யாரோ ஒருவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கலாம். அதையெல்லாம் துடைத்துவிட்டு வர வேண்டாம். அப்படியே வாருங்கள். நம்மை மாம்சத்தோடு படைத்தவர், தாமும் அதே மாம்சத்தில் வந்து, நண்பனின் கல்லறைக்கு முன் நின்று அழுதவர். நீங்கள் அழுவதைக் கேட்டு அவர் முகம் சுளிக்க மாட்டார்.