டைரியில் எழுதிக் கொடுத்த வரி

சேத்தூர் பியூலா, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஓடுகிற மெஷினில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுவாள். லேசில் லீவு கேட்க மாட்டாள். அன்று கேட்டு, மகள் அக்சாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்சாவின் வலது சுண்டுவிரலில் மாவுக்கட்டு. வீட்டுப்பாடம் முடிக்கவில்லையென்று கணக்கு வாத்தியார் மர ஸ்கேலால் அடித்ததில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. நியாயம் கேட்கப் போன பியூலாவிடம் தலைமையாசிரியர் அக்சாவின் பள்ளி டைரியை விரித்து நீட்டினார்.

"இது யாரு கையெழுத்தும்மா?"

அவளுடையதுதான். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் அடியுங்கள். நான் கேட்க மாட்டேன்.' பிள்ளையைச் சேர்க்கும்போது ஊரில் எல்லோரும் வாயால் சொல்வதை அவள் எழுதியே கொடுத்திருந்தாள்.

"புகார் அது இதுன்னு போனா, டி.சி.யையும் வாங்கிட்டுப் போயிருங்க."

கோர்ட்டு வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம். மனு எழுதித் தரும் ஹரிகிருஷ்ணன் முன்னால் எக்ஸ்ரேயும் டாக்டர் சீட்டும் வைத்தாள். டைரி பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. அதைக் காட்டினால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள்.

"வேற எதுவும் இருக்காக்கா?"

"இல்ல சார்."

"டைரி இருக்குல்லம்மா," என்றாள் அக்சா.

"ஏட்டி, சும்மா இரு."

ஹரிகிருஷ்ணன் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் பியூலா டைரியை எடுத்தாள். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். தலைமையாசிரியர் டி.சி. என்று மிரட்டியதையும் அவள் சொன்னாள்.

"அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குக்கா. அடிங்கன்னு எழுதிக் குடுக்க உங்களுக்கே உரிமை கிடையாது. எட்டாவது முடியாம இவள வெளிய அனுப்பவும் அவுகளால ஏலாது."

"அப்ப இது செல்லாதா?"

"செல்லாது. ஆனா அவுக இதத்தான் காட்டிப் பேசுவாக. நாமளே முந்திச் சொல்லிரலாமா, விட்டுருவமா?"

பியூலா தலை குனிந்திருந்தாள். எழுதினால், மகளை அடிக்கச் சொன்னவள் என்று நாலு பேர் படிப்பார்கள். அக்சா மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்கு சார் இதக் கிளாஸ்ல சத்தமா வாசிச்சுக் காட்டிட்டுத்தாம்மா அடிச்சாரு."

இதை அவள் வீட்டில் சொல்லவேயில்லை. பியூலாவுக்கு மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எழுதுங்க சார். நான் எழுதிக் குடுத்தத மொதல்ல எழுதுங்க. பொறவு இவ சொன்னதையும் எழுதுங்க."

பியூலா கையெழுத்துப் போடும்போது ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. அக்சா இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.