சண்பகத்துக்குத் தண்ணீர் வேண்டாம்

எங்கள் வளவுச் சண்பகம் தப்பாது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்ட பிறகு, அதைத் தப்ப வைப்பது நான்தான் என்று நான் முடிவு கட்டினேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் தாவரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத்தில் காணி எடுத்தவர்கள் நாங்கள். வரும்போது அம்மாவின் கடைசித் தங்கையான எங்கள் குஞ்சம்மா, ஒரு சண்பகக் கன்றைச் சாக்கில் சுற்றி, லொறியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தெருப்பக்க வேலியோரம், படலை வாசலுக்குக் கிட்ட அதை நட்டார். கன்று என் தலைக்கு மேலே வளர்ந்தது. பிறகுதான் நோய் பிடித்தது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. உச்சிக் கொப்புகள் காய்ந்தன. பூவைப் பற்றிப் பேச்சே இல்லை.

அம்மா கண்ணூறு என்றார். ஐயா கறையான் என்றார். வயலில் சிறுபோக நெல் அறுவடைக்கு முன் துளிர் வராவிட்டால் தறித்துவிட்டு அந்த இடத்தில் வண்டில் கொட்டில் போடப்போவதாகவும் சொல்லிவிட்டார். குஞ்சம்மாவைப் பொறுத்தவரை மரத்துக்குத் தாகம். பின்னேரமானால் தலை இழுத்து, பவுடர் பூசி, கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து ஊற்றுவார். பாத்தி நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றுவார். அந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்பு வாத்தியார் சைக்கிளில் அந்த வழியாக வருவார். இறங்கி நின்று, மரத்துக்கு இப்போது எப்படி, மொட்டு ஏதும் தெரிகிறதா என்று வேலிக்கு மேலால் விசாரிப்பார். ஒரு மரத்தில் இத்தனை அக்கறை உள்ளவரிடம் படிக்கிறேன் என்று எனக்குப் பெரிய பெருமை.

நான் சோதனையை முறைப்படி தொடங்கினேன். பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை இருந்தது, ஆகவே உயிர் இருந்தது. அடியிலிருந்து கொப்புவரை தடவிப் பார்த்தேன். கறையான் புற்று இல்லை, ஐயாவின் கட்சி தோற்றது. விழுந்த இலைகளைக் கசக்கினேன். தண்ணீர் இல்லாத இலை மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். இவை ஊறிய அப்பளம்போல வளைந்தன. அதோடு குஞ்சம்மாவின் தாகக் கதையும் முடிந்தது. கண்ணூறைச் சோதிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மண்வெட்டியால் வேரோரம் தோண்டினேன். குளத்துச் சேறு மணத்தது. வேர் நுனிகள் கறுத்து, தோல் விரலோடு கழன்று வந்தது. அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பழைய ஊர்ச் செம்மண் ஊற்றியதையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். இந்த ஊர்க் களிமண் ஒரு சொட்டையும் கீழே விடாது. குஞ்சம்மா யாழ்ப்பாணத்து மரத்துக்கு யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். மரம் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

பாத்தி வரம்பை உடைத்தேன். தெருப் பள்ளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினேன். அடிமரத்தை மூடியிருந்த மண்ணை இழுத்தெடுத்து, அழுகிய வேரை வெட்டி, ஆற்று மணலும் உக்கிய இலையும் கலந்து போட்டேன். கடைசியில் வாளியைப் பறித்து வைத்துக்கொண்டேன்.

குஞ்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வெய்யிலுக்கை ஒரு சீவன் தண்ணியில்லாமல் நிக்குது. உனக்கு ஈவிரக்கம் இல்லையோடி?"

"விடு, டொக்டர் என்ன செய்யிறா எண்டு பாப்பம்," என்றார் ஐயா.

அன்று பின்னேரம் வாத்தியார் வந்தபோது மரத்தடியில் நான் மட்டும், மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன், இண்டைக்குத் தண்ணி விடேல்லையோ?"

"நான்தான் நிப்பாட்டினனான் சேர். வேருக்கும் மூச்சு வேணும் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

"அது சரி. அதுக்காக ஒரேயடியா நிப்பாட்டக்கூடாது, பிள்ளை. பின்னேரத்திலை ஒரு வாளி எண்டாலும்..."

"ஒரு சொட்டும் கூடாது," என்றேன். தன் பாடத்தையே ஒரு மனிதர் இப்படி மறக்கலாமா? அவர் என் தலைக்கு மேலால், சமையல் நடந்துகொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, மெல்லச் சைக்கிளில் ஏறினார்.

அதன் பிறகு அவருடைய சைக்கிள் செயின் எங்கள் படலைக்கு முன்னால் அடிக்கடி கழன்றது. நான் விடுவேனா? ஓடிப்போய் ஒரு தடியால் நெம்பி, அவர் குந்துவதற்குள் மாட்டிக் கொடுத்துவிடுவேன். கெட்டிக்காரி என்பார். முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷமும் இராது. குசினிக்குள் குஞ்சம்மா சட்டியைத் தேவைக்கு மேல் சத்தமாக இறக்கி வைப்பார்.

வயலில் கதிர் பழுக்கத் தொடங்கிய ஒரு காலை, காய்ந்த கொப்புக்குக் கீழே, கணுவில் பட்டு மயிர் போர்த்த ஒரு பச்சை முனை தெரிந்தது. அடுத்த கணுவிலும் ஒன்று. ஐயா வந்து குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். "கொட்டிலை மற்றப் பக்கம் போடுவம்," என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு நான் அன்று முழுவதும் நிலத்தில் நடக்கவில்லை.

குஞ்சம்மா அந்தத் துளிரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். உண்மையாகவே மகிழ்ந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு என்னைக் கிட்ட இழுத்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"எவ்வளவு தண்ணி விட்டாலும் பழுதாகாத மரம் ஏதும் இருக்கோ, பிள்ளை?"

என்னிடம் ஒரு பெரியவர் ஆலோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாழை என்றேன்.

மறுநாளே ஒரு வாழைக்குட்டி வந்தது. படலைக்கு மற்றப் பக்கம், அதே தெரு வேலியோரம் குஞ்சம்மா அதை நடுவதற்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். கிணற்றடியில் நட்டால் குளிக்கிற தண்ணீர் தானாகவே ஓடிப் பாயும், வாளி சுமக்கவே தேவையில்லை, வாழைக்கு அதைவிட நல்ல இடம் இந்த வளவிலேயே இல்லை என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன்.

குஞ்சம்மா நிமிரவில்லை. குட்டியைச் சுற்றி மண்ணை அணைத்து மிதித்தபடி, "கிணத்தடியிலை வேண்டாம்," என்றார். "சுமக்கிறது எனக்குப் பாரமில்லை."

என்ன செய்வது, தாவரப் பாடம் எல்லோருக்கும் ஏறிவிடாது என்று நினைத்துக்கொண்டு, வாளியை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன்.